செத்த இரையும் தெற்குக் காற்றும்

எங்கள் தாலபுஷா ஏரியில் ஒரு கிராப்பி மீனின் விலை இருநூற்று எழுபது டாலர். நான் வைத்த விலை அல்ல, நீதிபதி வைத்தது. என் சித்தப்பா மகன் டூயி பத்து கிராப்பியைத் தோல் முள் நீக்கி, பையில் கட்டி, பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு ஆளுக்கு விற்றான். வாங்கியவர் காசைக் கொடுத்தார், நன்றி சொன்னார், அப்புறம் சட்டைப் பையிலிருந்து வனவிலங்குத் துறை அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அபராதம் இரண்டாயிரத்து எழுநூறு. வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மிசிசிப்பி மாநிலத்தில் கிராப்பியை விற்கக் கூடாது. பிடிக்கலாம், தின்னலாம், சும்மா கொடுக்கலாம். எங்கள் ஏரியில் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, ஒவ்வொன்றும் ஒரு அடி நீளமாவது இருக்க வேண்டும். என் போன்றவனுக்கு இது பெரிய கொடுமை. என் அப்பா மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூடும் சந்தையில் கோவேறு கழுதை விற்றவர். அம்மா அதே சந்தையில் பழைய கத்தியும் புதுக் கோழிக்குஞ்சும் விற்றவள். பேரம் பேசுகிறவர்களின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடக்கவே பழகினேன். எதற்கும் ஒரு விலை உண்டு, மூஞ்சியைச் சுளித்து நாலு அடி நடந்தால் அந்த விலையும் இறங்கும் என்று வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் ஏரிக்கரையில் கடை போட்டு இரைமீன், தூண்டில் முள், தக்கை, ஈயக்குண்டு, ஐஸ், காப்பி என்று எல்லாம் விற்கிறேன். எதைப் பிடிப்பதற்காக இதையெல்லாம் வாங்குகிறார்களோ, அதை மட்டும் விற்க முடியாது.

எனக்குப் பிடிக்கவும் தெரியாது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் மகள் ரோவீனா கிரென்ஷாவுக்கும் கோல்பி மேப்ரிக்கும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி விருந்து மாப்பிள்ளை வீட்டார் செலவு. அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மேப்ரி வீட்டில் அதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு: விருந்து என்றால் கிராப்பி வறுவல், அதுவும் அன்றைக்கு ஏரியிலிருந்து வந்த மீனாக இருக்க வேண்டும். ஃப்ரீசரில் கிடந்த மீன் மேப்ரி வீட்டு எண்ணெயில் இதுவரை விழுந்ததில்லை.

மாப்பிள்ளையின் அப்பா லாய்ஸ் மேப்ரி, வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் மீன் காட்டுகிற தொழில் செய்பவர். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கடைக்கு வந்தார். காப்பியை ஊற்றிக்கொண்டு, கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“ஹாலிஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்க கையை வீசிக்கிட்டு வந்தா போதும். நாப்பது பேருக்கு மீன் நானும் கோல்பியும் பாத்துக்குறோம். வேணும்னா நீ எலுமிச்சம்பழம் கொண்டு வா.”

“எலுமிச்சம்பழம் இப்ப என்ன விலை விக்குதுன்னு தெரியுமாய்யா?”

“அதான் உன்கிட்ட சொல்றேன். நீன்னா குறைச்சு வாங்குவ.”

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வாடிக்கையாளர் சொல்கிற ஜோக்குக்குச் சிரிப்பது வியாபாரத்தில் சேர்ந்தது. லாய்ஸ் அதோடு விட்டிருக்கலாம்.

“தப்பா எடுத்துக்காத. உங்க வீட்டுல மீன் பிடிக்கிறவங்க யாரு இருக்கா? நீங்க தூண்டில் விக்கிறவங்க. மருந்துக் கடைக்காரன் ஆபரேஷன் பண்ணுவானா?”

ரோவீனா கல்லாவுக்குப் பின்னால் தொட்டியிலிருந்து சின்ன வலையால் இரைமீனை அள்ளி யாருக்கோ எண்ணிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“மிஸ்டர் லாய்ஸ், வெள்ளிக்கிழமை சட்டியில விழுற மீன்ல பாதி எங்களோடது.”

“பாதியா? ஏம்மா, நாங்க ரெண்டு பேரும் முப்பது பிடிப்போம்.”

“அப்ப நாங்களும் முப்பது.”

“நாங்கன்னா யாரு?”

“நானும் அப்பாவும்.”

இது எனக்கே அப்போதுதான் தெரியும். லாய்ஸ் என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஒரு வருஷமாக யோசித்து எடுத்த முடிவு போல முகத்தை வைத்துக்கொண்டேன். பேரத்தில் இடையில் மாட்டிக்கொண்டால் அப்பா வைத்துக்கொள்ளும் முகம் அது.

அன்று கடையைச் சாத்தும்போது கேட்டேன். “எதுக்கும்மா இந்த வம்பு? எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கொடுத்துட்டு வயிறு நிறையத் தின்னுட்டு வரலாமே.”

“இன்னைக்கு எலுமிச்சம்பழம்னு ஒத்துக்கிட்டா ஆயுசுக்கும் எலுமிச்சம்பழம்தான்ப்பா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவங்க மீன் போடுவாங்க, நாம பிழியணும். கோல்பி தங்கம். அந்த வீடும் நல்ல வீடுதான். ஆனா அங்க நான் சாப்பிட வந்தவளா உள்ள நுழைய மாட்டேன். பாதி என் கையில இருக்கணும்.”

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். பாதிக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நெல்டா என்னைக் கேட்டாள். நெல்டா என் மனைவி. பதில் தெரிந்த கேள்விகளைத்தான் அவள் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெற்கிலிருந்து மூன்றாவது நாளாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் அடித்தது காற்று என்றால் இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். கடை வாசலில் இருந்த ஐஸ் விளம்பரப் பலகை சாலையைத் தாண்டிப் போய்விட்டது. டாக்வுட் மரங்களில் பூத்திருந்த வெள்ளையெல்லாம் என் டிரக்கின் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது. ஏரியின் நடுவில் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்தது.

நெல்டா வாசலில் நின்றாள். “ரோவீனா, நேத்துதான் நகத்துக்கு அறுபது டாலர் கொடுத்திருக்கு. முடி அலங்காரம் மத்தியானத்துக்கு மேல. மறந்துடாத.”

“மறக்கலைம்மா.”

“நகத்துக்கு ஏதாவது ஆச்சு…”

“மோதிரம் போடுற விரலை மட்டும் பத்திரமா வச்சுக்கிறேன்.”

நான் படகை டிரக்கோடு கோத்துவிட்டு இரைமீன் எடுக்க உள்ளே போனேன். அன்றைக்கு நடந்ததில் என் பங்கு அங்கேதான். கடையில் மூன்று தொட்டி. முதல் தொட்டியில் அன்று காலை வந்த சரக்கு, வெள்ளிக்காசு மாதிரித் துள்ளும். இரண்டாவது நேற்றையது. மூன்றாவதில் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறவை, நீந்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவை. காற்று அடங்கினால் சனிக்கிழமை கூட்டம் வருமே என்று ஒரு நினைப்பு. நல்ல சரக்கை விற்பனைக்கு விட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுக்கிற பழக்கம் வேறு. என் வீட்டில் நாங்கள் உடையாத முட்டையை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்போம். கை தானாக மூன்றாவது தொட்டிக்குப் போனது. மகளின் மானம் தொங்குகிற நாளில் தூண்டில் கடை முதலாளி எடுத்துவந்தது அந்த வாளி.

காற்று நாளில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தென்கரையில் மேட்டுக்கு அடியில் ஒதுங்கின ஒரு குடா உண்டு. மேடும் பைன் மரங்களும் காற்றை மறித்துவிடும். தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. எங்களுக்கு முன்பே ஆறேழு படகுகள். நடுவில் லாய்ஸின் படகு. முன்பக்கம் எட்டுத் தூண்டில் கம்புகளை நண்டுக் கால் மாதிரி விரித்து வைத்திருந்தார். தண்ணீருக்கு அடியில் நடப்பதைக் காட்டும் திரை ஒன்று, எங்கள் வீட்டு டிவியைவிடப் பெரியது. பின்னால் கோல்பி. எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான், தன் அப்பா திரும்பியதும் கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்தான். நல்ல பையன்.

“வந்துட்டாங்கய்யா முப்பதுக்காரங்க!” என்றார் லாய்ஸ். “நாங்க ஆறு பிடிச்சாச்சு. நீங்க ஆரம்பிக்கலாம்.”

ரோவீனா வாளியின் மூடியைத் திறந்தாள். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“எந்தத் தொட்டி?”

நான் பைன் மரங்களைப் பார்த்தேன்.

“எல்லாம் செத்துப்போச்சுப்பா. ஒண்ணு விடாம.”

“வரும்போது உயிரோடதான் இருந்துச்சு. ரோடு மோசம்.”

“நாளைக்குக் கல்யாணத்துக்கு உடையாத முட்டை உண்டா, இல்ல அதுக்கும் மிச்சம்தானா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பேரம் பேசியிருப்பேன். பேசாமல் ஒரு செத்த மீனை முள்ளில் கோத்துப் போட்டாள். அசையாத தண்ணீரில் அசையாத தக்கை, அதன் கீழே அசையாத இரை. செத்ததைத் தின்னக் கிராப்பி என்ன நண்டா? துடிப்பதைத்தான் பாய்ந்து கவ்வும். அரைமணி நேரம் போனது. அதற்குள் லாய்ஸ் இரண்டு பிடித்தார். ஒவ்வொன்றையும் தூக்கி, வெயிலில் திருப்பி, ஏதோ நகைக்கடைக்காரர் மாதிரி எங்களுக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டார்.

எங்கள் விஷயம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அசையாத தண்ணீரில் பேசுவது எந்தப் படகுக்குத்தான் கேட்காது?

“என்ன ஹாலிஸ், இரை தூங்குதா?” குடா முழுக்கச் சிரித்தது. “கடைக்காரருக்கு நான் கடன் தரேன்ப்பா. ரெண்டு டஜன். உயிரோட இருக்கு, உன் கடையில வாங்கினதுதான்!”

எனக்கு உடனே கை நீண்டுவிட்டது. என் சரக்கு, சும்மா திரும்பி வருகிறது, இதைவிட நல்ல வியாபாரம் ஏது? ரோவீனா துடுப்பின் பிடியால் என் கையைத் தட்டிவிட்டாள்.

“வேண்டாம் மிஸ்டர் லாய்ஸ், ரொம்ப நன்றி. உங்க இரையில விழுந்தா அது உங்க மீனாயிடும்.”

“அப்ப எலுமிச்சம்பழம்தானா?”

ரோவீனா என்னிடம் படகைத் திருப்பச் சொன்னாள். வீட்டுக்குப் போய் நல்ல இரை எடுத்துவர நேரம் இல்லை. போய் வந்தால் மத்தியானம் தாண்டிவிடும், அப்புறம் முடி அலங்காரமும் நெல்டாவும் இருக்கிறார்கள். நான் உள்ளுக்குள் எலுமிச்சம்பழத்துக்கு விலை போட ஆரம்பித்தேன்.

குடாவின் வாய்க்கு வந்தபோது மேட்டின் மறைப்பு முடிந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரோவீனா தூண்டிலை உள்ளே எடுக்காமலே விட்டிருந்தாள். தக்கை அலையோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. அப்புறம் ஏறவில்லை.

கம்பு வளைந்தது. அவள் எழுந்து நிற்கக்கூட இல்லை. மணிக்கட்டை மட்டும் உயர்த்தினாள். தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டை கிராப்பி, வயிறு நிறைய முட்டையோடு, பக்கமெல்லாம் கறுப்புப் புள்ளி தெளித்து, படகுக்குள் வந்து விழுந்தது.

அவள் மீனைப் பார்க்கவில்லை. அதன் வாயிலிருந்த செத்த இரையைப் பார்த்தாள். அப்புறம் அலையைப் பார்த்தாள்.

“அப்பா, காத்து ஆட்டுது.”

“படகைத்தானே? அதான் எனக்கும் பயமா…”

“இரையைப்பா! அலை தக்கையை ஆட்டுது, தக்கை இரையை ஆட்டுது. உயிர் இல்லன்னா என்ன? காத்து உயிர் கொடுக்குது. அந்தக் குடாவுலதான் இது பொணம். இங்க இது டான்ஸ் ஆடுது.”

“இங்க ரெண்டு நிமிஷம் நின்னா நாமளும் ஆடுவோம்.”

“இங்க இல்ல. வடக்குக் கரை.”

காற்று மூன்று நாளாக வீசி மோதிக்கொண்டிருந்த கரை அது. படகோடு அங்கே போனவன் படகைப் புதரிலிருந்து பொறுக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் ஒருவரும் போகவில்லை. ஏரியைக் குறுக்கே கடந்தோம், அலையோடு போராடினோம் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். நாங்கள் படகை டிரக்கில் கோத்து, ஹீட்டர் போட்டுக்கொண்டு, சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். போகிற வழியில் ஆளுக்கொரு போலோனி சாண்ட்விச் வேறு. தண்ணீரிடம் வீரம் காட்டி லாபம் பார்த்தவனை நான் பார்த்ததில்லை.

வடகரையில் மார்பு வரைக்கும் ஏறும் ரப்பர் கால்சட்டைகளை மாட்டிக்கொண்டோம். படகு டிரக்கிலேயே இருந்தது. வசந்தத்தில் ஏரி நிரம்பும்போது அங்கே புதர்க்காடு பாதி முழுகியிருக்கும். தண்ணீர் காப்பிக்குப் பால் ஊற்றின நிறம். நான் ஒரு காலை வைத்ததும் ஆச்சரியப்பட்டேன். தென்கரையில் விரல் மரத்த தண்ணீர், இங்கே வெதுவெதுவென்று இருந்தது. வெயில் பட்ட மேல்தண்ணீரை மூன்று நாள் காற்று வழித்துக்கொண்டுவந்து இந்தக் கரையில் கொட்டியிருந்தது. முட்டையிட இடம் தேடுகிற மீன் வேறு எங்கே போகும்?

ரோவீனா பெரிய ஈயக்குண்டாகப் பார்த்துக் கட்டினாள். நூலைக் காற்று பிடுங்காமலிருக்க, கம்பின் நுனியைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்துப் புதரோரமாகத் தாழ்த்தினாள்.

“தக்கை முழுகுதான்னு பாக்காதீங்க. அலையில எப்பவும் முழுகித்தான் எழும். எழவேண்டிய நேரத்துல எழலைன்னா, அது மீன்.”

இடுப்பளவு அலை அவள்மேல் உடைந்தது. தொப்பி போனது. நெல்டா பணம் கட்டியிருந்த முடி அலங்காரத்துக்கு இனி அங்கே எதுவும் மிச்சமில்லை. அவள் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு நகர்ந்துகொண்டே இருந்தாள், கடையில் ஒரு வாடிக்கையாளரை முடித்து அடுத்தவரிடம் திரும்புவது மாதிரி. மீன் வந்துகொண்டே இருந்தது. முட்டையைக் காவல் காக்கும் ஆண்கள் தார் பூசினமாதிரிக் கறுப்பாக. பெட்டைகள் வெள்ளியாக, கையில் பிடிக்க முடியாத கொழுப்போடு. மீன் கோக்கும் கயிறு என் இடுப்பில் கட்டியிருந்தது. அது கனத்துக்கொண்டே போய் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அவளுக்கு ஒரு நகம் போனது, அப்புறம் இன்னொன்று. அதைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த இரையைக் கோத்தாள்.

பதினைந்தாவதைக் கயிற்றில் கோத்ததும் கம்பை மடக்கிவிட்டாள்.

“என்னம்மா நிறுத்திட்ட? இப்பதானே விழுது!”

“என் பதினஞ்சு முடிஞ்சது. உங்க பதினஞ்சு நீங்கதான் பிடிக்கணும்.”

“நீ பிடிச்சுக் கொடு. யாரு பாக்கப் போறா?”

“டூயி சித்தப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாரு.”

நான் கம்பை வாங்கினேன். முதல் மீன் கவ்வியது. வெடுக்கென்று இழுத்தேன். கிராப்பியின் உதடு காகிதம். கிழிந்து போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முகத்துக்கு நேரே தெரிந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, போய்விட்டது. விட்ட மீனுக்கு விலை போடாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ரோவீனா பக்கத்தில் வந்து அலைக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அடிக்கிற அலை அவள் முதுகில் உடைந்து என்னிடம் பாதியாக வந்தது.

“அப்பா, ஒரு ஆளு கடைக்கு வந்து விலையுள்ள கம்பைக் கையில எடுக்கிறான். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். வேற எங்கயாவது பாப்பேன்.”

“ஏன்?”

“அவன் கையில கனம் ஏறட்டும்னு. நாம அவசரப்பட்டா கீழ வச்சுட்டுப் போயிடுவான்.”

“அவ்வளவுதான். கனம் ஏறட்டும். அப்புறம் சும்மா தூக்குங்க.”

தக்கை எழவேண்டிய நேரத்தில் எழவில்லை. நான் வேறு எங்கோ பார்த்தேன். கனம் ஏறியது. பில் போடுகிற நிதானத்தில் தூக்கினேன். வாழ்நாளில் நான் விற்ற முள்ளின் எண்ணிக்கை கடவுளுக்குத்தான் தெரியும். நான் பிடித்த முதல் கிராப்பி அதுதான். பதினான்கு அங்குலம். யாருக்காவது சந்தேகம் இருந்தால் படம் கடையில் மாட்டியிருக்கிறது, கல்லாவுக்கு நேர் மேலே.

எனக்குப் பதினைந்து சேர வெகுநேரம் ஆயிற்று. ரோவீனா அவ்வளவு நேரமும் அலையை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றாள். நெல்டா போன் செய்துகொண்டே இருந்தாள். நாங்கள் எடுக்கவில்லை.

லாய்ஸ் வீட்டுக் கொட்டகையில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் எண்ணெய், மேசையில் சோளமாவு, முட்டைக்கோஸ் பச்சடி, மூட்டை மூட்டையாக வெள்ளை ரொட்டி. எலுமிச்சம்பழம் ஒரு கூடை, யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். நாற்பது பேரும் தட்டோடு நின்றார்கள். மேப்ரி வீட்டார் பிடித்தது மொத்தம் பதினான்கு. காற்று திசை மாறாதா என்று சாயங்காலம் வரை குடாவிலேயே காத்திருந்திருக்கிறார்கள். ரொட்டியை அதிகமாகப் பரிமாறச் சொல்லி லாய்ஸ் தன் மனைவியிடம் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

நானும் ரோவீனாவும் ஐஸ் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். நடக்கும்போது என் மனதில் ஒரு ஊர்வலமே போய்க்கொண்டிருந்தது. அவள் தலையில் வடகரைப் புதரின் வில்லோ இலை ஒன்று இருந்தது. நான் எடுக்கவில்லை.

லாய்ஸ் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அப்புறம் அளவுப் பலகையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்து அளந்தார், கழுதையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பவர் மாதிரி. எதுவும் ஒரு அடிக்குக் குறையவில்லை.

“எங்க பிடிச்ச?” என்றார் ரோவீனாவிடம். குரல் தணிந்திருந்தது.

“தண்ணியில மிஸ்டர் லாய்ஸ்.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். இடத்தைச் சொல்ல மாட்டாள் என்று அவருக்கும் தெரியும், அவரும் சொல்ல மாட்டார்.

“சரி, எதுல பிடிச்ச? அதையாவது சொல்லு. நாளைக்கு என் மருமக நீ.”

“செத்த மீன்ல.”

“பாத்தீங்களாய்யா! இன்னும் மோதிரம் கூட மாத்தல, மாமனார்கிட்ட பொய்யைப் பாரு!”

“சத்தியமா மிஸ்டர் லாய்ஸ். எல்லாமே செத்ததுதான். நீங்களே காலையில பாத்தீங்கல்ல?”

“அதுக்கப்புறம் எங்கயோ போய் நல்ல இரை வாங்கியிருக்க. நான் என்ன நேத்துப் பொறந்தவனா?” பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தார். “எப்படிப் பொய் சொல்றா பாருங்க, கண்ணு கூடச் சிமிட்டல. இது அசல் மேப்ரி!”

“கிரென்ஷா,” என்றேன் நான். “அசல் கிரென்ஷா. உண்மையைச் சொல்லியே ஏமாத்துவோம்.”

கோல்பி மட்டும் சிரிக்காமல் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போய் மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் நின்று வெட்ட ஆரம்பித்தான். லாய்ஸ் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை ஒரு தடவை பார்த்தார். அந்த வீட்டில் அது வேறு யார் கைக்கும் போனதில்லை என்று கேள்வி.

“எண்ணெய் காயுது மிஸ்டர் லாய்ஸ்,” என்றாள் ரோவீனா. “முதல் சட்டி நான் போடவா?”

அவர் கரண்டியை நீட்டினார். நெல்டா அப்போதுதான் அவள் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சட்டியில் மீன் விழுந்த சத்தத்தில் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, அதை இங்கே எழுத முடியாது.

எல்லோரும் தின்று முடித்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லாய்ஸ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பாதின்னுதானே சொன்னா உன் பொண்ணு. ஜாஸ்தி ஆயிடுச்சே ஹாலிஸ். அடுத்த வசந்தத்துல நேர் பண்ணிடறேன்.”

“என்னய்யா அவசரம்?” என்றேன். மேப்ரி வீட்டுக்காரர் ஒருவர் எனக்குப் பாக்கி வைத்திருக்கும் சுகத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

சட்டியில் விழுந்தது நாற்பத்து நான்கு. பாதி என்றால் வீட்டுக்கு இருபத்திரண்டு. மேப்ரி வீட்டார் போட்டது பதினான்கு. கிரென்ஷா வீட்டார் போட்டது முப்பது, அதில் ரோவீனா பதினைந்து, நான் பதினைந்து. எங்களுக்கு வரவேண்டிய பாக்கி, எட்டு கிராப்பி.